அக்கா நீந்துகிறாள், தம்பிக்கு வயிற்றுவலி

கொழும்பு வெள்ளவத்தையிலிருந்து எழுதிய தாய் கேட்டிருப்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மூத்தவளுக்கு 13 வயது. வயதுப் பிரிவுத் தேசியக் குழாமில் நீந்துகிறாள், வாரத்தில் ஆறு நாள் பயிற்சி. சின்னவனுக்கு 10 வயது. அக்காவுக்குப் போட்டி என்றால் அவனுக்கு வயிற்றுவலி வந்துவிடுகிறது. “பொறாமைதான், போகப்போகச் சரியாகிவிடும்” என்கிறார் கணவர். “அவனையும் நீச்சலில் சேர்த்துவிடு, இரண்டு பேரையும் ஒரே இடத்தில் இறக்கிவிடலாம்” என்கிறார் மாமி. யார் சொல்வது சரி?

இந்தக் கேள்விக்கு நடுவில் ஒரு வரி இருக்கிறது: “அவனுக்கு நான் அநியாயம் செய்கிறேனா என்று தெரியவில்லை.” நீங்கள் உண்மையில் கேட்டது அதுதான் என்று எடுத்துக்கொள்கிறேன். ஒரு பிள்ளைக்காக வீடு முழுவதும் ஒரு பக்கம் சாயும்போது மற்றப் பிள்ளை எவ்வளவு தாங்கும், எந்த இடத்தில் தாங்காமல் போகும் என்பதே கேள்வி. வயிற்றுவலியும் பொறாமையும் மாமியின் யோசனையும் அதற்குள் அடங்கிவிடும். நான் கொழும்பில் பல வருடம் பிள்ளைகளுக்கு நீச்சல் பழக்கியவன். பிறகு உளவளத்துணை படித்து, இப்போது பெரும்பாலும் விளையாட்டுப் பிள்ளைகளின் குடும்பங்களோடுதான் வேலை. அந்த அனுபவத்தையும், ஆய்வுகளில் எனக்கு நம்பிக்கை உள்ள சிலவற்றையும் வைத்துச் சொல்கிறேன். உங்கள் மகனை நான் பார்த்ததில்லை. அதனால் எல்லாவற்றையும் உங்கள் வீட்டோடு ஒப்பிட்டுப் பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் வயிற்றுவலி. இந்த வயதுப் பிள்ளைகளுக்கு மனதில் உள்ள நெருக்கடி வயிற்றில் வந்து நிற்பது மிகச் சாதாரணம். அது நடிப்பல்ல, உண்மையாகவே வலிக்கும். அதற்காக டொக்டரிடம் காட்டாமல் “மனசுதான் காரணம்” என்று நீங்களாக முடிவெடுக்க வேண்டாம். நிறை குறைவது, வலியால் இரவில் விழிப்பது, காய்ச்சல், திரும்பத் திரும்ப வாந்தி, மலத்தில் இரத்தம், ஒரே மூலையில் குத்தும் வலி, இவற்றில் ஒன்று இருந்தாலும் தாமதிக்காமல் காட்டுங்கள். டொக்டர் பார்த்து ஒன்றும் இல்லை என்று சொல்லி, வலியும் போட்டி நாளில் மட்டும் வந்து போகிறது என்றால், அதை அவன் உங்களுக்குச் சொல்லும் செய்தியாக எடுக்கலாம். “பொய் சொல்லாதே” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். இன்னொன்றையும் கவனியுங்கள். வலி வந்தால்தான் அம்மா தன்னோடு வீட்டில் நிற்பார் என்று அவன் கண்டுபிடித்திருந்தால், வலி திரும்பத் திரும்ப வரும். வலி இல்லாத நாளிலும் நீங்கள் அவனோடு நிற்க வேண்டும். அதுதான் மருந்து.

அடுத்தது பொறாமை. உங்கள் கணவர் சொல்வதில் பாதி உண்மை. பொறாமை இருக்கும், இல்லாமல் இருந்தால்தான் யோசிக்க வேண்டும். ஆனால் இப்படியான வீடுகளில் தம்பி தங்கைமாரைத் தனியாக இருத்திக் கதைத்தால், பதக்கத்தின் மீது அவர்களுக்குப் பெரிய ஆசை இருப்பதில்லை. அக்கா வெல்வதை உள்ளூர விரும்புகிறார்கள், வகுப்பில் போய்ப் பெருமையாகச் சொல்கிறார்கள். அவர்களை அறுப்பது வேறொன்று. வீட்டில் எது முக்கியம், எது முக்கியமில்லை என்பது யாரும் வாய்விட்டுச் சொல்லாமலே முடிவாகிவிடுகிறது. அந்த முடிவை எடுக்கும்போது தங்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பதுதான் அவர்களுக்கு வலிக்கிறது.

இதற்கு ஆய்வு ஆதாரமும் உண்டு. அமெரிக்காவில் அமன்டா கோவல், லோரி கிரேமர் என்ற இரண்டு ஆய்வாளர்கள், பெற்றோர் தங்களையும் சகோதரங்களையும் வேறுவேறாக நடத்துவது பற்றி 11 முதல் 13 வயதுப் பிள்ளைகளிடமே கேட்டு 1997இல் வெளியிட்டார்கள். வித்தியாசம் இருக்கிறது என்று பிள்ளைகளுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. ஆனால் பல இடங்களில் அதை அநியாயம் என்று அவர்கள் நினைக்கவில்லை. “அவனுக்கு வயது குறைவு”, “அவளுக்கு அது தேவை” என்று காரணம் சொன்னார்கள். நியாயமான காரணம் இருக்கிறது என்று நம்பிய பிள்ளைகளுக்குச் சகோதரங்களோடு உறவும் நன்றாக இருந்தது. இதை நான் உறுதியாகச் சொல்வேன், என் அனுபவமும் அப்படியே. வித்தியாசத்தைப் பிள்ளை தாங்கும். காரணம் தெரியாத வித்தியாசத்தைத்தான் தாங்காது.

விளையாட்டுக் குடும்பங்களை நேராகப் பார்த்த ஆய்வுகளில் அதிகம் பேசப்படுவது கனடாவில் ஜான் கோதே 1999இல் வெளியிட்டது. மூன்று படகோட்டப் போட்டி வீரர்கள், ஒரு டென்னிஸ் வீரர் என நான்கு பேரின் வீடுகளில் பெற்றோர், சகோதரங்கள் என்று எல்லோரோடும் உட்கார்ந்து பேசினார். சின்ன வயதில் பெற்றோர் எல்லாப் பிள்ளைகளுக்கும் எல்லாவற்றையும் கொடுத்துப் பார்க்கிறார்கள். ஒருவர் தீவிரமாக இறங்கியதும் வீட்டின் நேரமும் பணமும் அவர் பக்கம் சாய்கின்றன. மற்றப் பிள்ளைகளிடம் கசப்பும் பொறாமையும் தலைகாட்டுகின்றன. உங்கள் வீட்டுக் கதைபோல இருக்கிறது அல்லவா? ஆனால் அது நான்கே குடும்பங்கள், அதுவும் கனடாவில், அதுவும் பிள்ளை உச்சத்தைத் தொட்ட குடும்பங்கள். அம்மம்மா கூடவே இருந்து சாப்பாடு போடும், பெரியம்மா பக்கத்து லேனில் இருக்கும் ஒரு வெள்ளவத்தை வீட்டுக்கு அதை அப்படியே பொருத்திவிட முடியாது. நம்மிடம் ஆள் பலம் கூட. அதே ஆள் பலத்தோடு ஒப்பீடும் கூடவே வருகிறது, அதற்குப் பிறகு வருகிறேன்.

சரி, அவன் கண்ணால் ஒரு மீட் நாளை, அதாவது நீச்சல் போட்டி நாளை, பாருங்கள். சனிக்கிழமை விடிய நாலரைக்கு வீட்டில் லைட் எரிகிறது. சுகததாச தடாகம் நகரின் மற்றக் கோடியில், அரைத் தூக்கத்தோடு அவனையும் காரில் ஏற்றியாகிவிட்டது. காலையில் ஹீட்ஸ் என்ற தகுதிச் சுற்று, பின்னேரம் ஃபைனல்ஸ். அக்கா அன்று முழுக்கப் போட்டிக்காகத் தண்ணீரில் இருப்பது எல்லாம் சேர்த்து சில நிமிடம். மிச்ச நேரம் முழுவதும் அவன் படிக்கட்டில். குளோரின் மணம், ஒலிபெருக்கி இரைச்சல், மடியில் அக்காவின் ஈரத் துவாய். வருகிற போகிற அங்கிள்மார் எல்லோரும் “நீர் எப்ப நீந்தப் போறீர்?” என்று கேட்டுவிட்டுப் போகிறார்கள். அவன் உங்களிடம் ஏதோ சொல்ல வாயெடுக்கிறான். “கொஞ்சம் பொறு, இப்ப அக்காட ஹீட்.” அந்த ஹீட் முடிந்ததும் ரிலே, அதற்குப் பிறகு கோச்சோடு கதை, அதற்குப் பிறகு மற்ற அம்மாமார். சொல்ல வந்ததை அவனே மறந்துவிடுகிறான். வீட்டுக்குப் போகும் வழியில் காரில் நேரக் கணக்கு ஓடுகிறது, எத்தனை செக்கன் குறைந்தது, டேர்ன் எங்கே பிழைத்தது என்று. அடுத்த சனிக்கிழமை அவனுக்கு வயிறு வலித்தால் எனக்கு ஆச்சரியமில்லை.

என்னிடம் வரும் பெற்றோரிடம் நான் முதலில் கேட்பது ஒரே ஒரு வேலைதான். போன மூன்று மாதக் கலண்டரை எடுத்து மேசையில் வையுங்கள். ஒரே நேரத்தில் இரண்டு பிள்ளைக்கும் ஏதோ இருந்த நாட்களைக் குறியுங்கள். ஒவ்வொரு முறையும் எது நின்றது? எத்தனை மணித்தியாலம் யாருக்குப் போனது என்று கணக்குப் பார்க்க வேண்டாம், அது எப்படியும் சமமாக வராது. நின்றது யாருடையது என்று மட்டும் பாருங்கள். மிருதங்க வகுப்பு நின்றிருக்கும், தெஹிவளையில் கூட்டாளியின் பிறந்தநாள் நின்றிருக்கும், வாணி விழாவில் அவன் பேசிய நாள் அம்மா பாதியில் எழும்பிப் போயிருப்பார். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக நல்ல காரணம் இருந்திருக்கும், அதுதான் சிக்கல். ஒவ்வொரு முறையும் நியாயமாகத் தெரிந்தது, மூன்று மாதத்தையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு கண்ணில் வெண்ணெய், மறு கண்ணில் சுண்ணாம்பு. நீங்கள் வேண்டுமென்று வைக்கவில்லை. வைத்தது தெரியாமலே வைத்தாயிற்று.

அதனால் என் முதல் ஆலோசனை: நீச்சல் வந்து இடித்தாலும் நிற்காத ஒன்று அவனுக்கு இருக்க வேண்டும். பெரிதாக இருக்கத் தேவையில்லை. புதன்கிழமை மிருதங்க வகுப்பு என்றால் அது புதன்கிழமைதான். தேசியப் போட்டியே வந்தாலும் யாராவது ஒருவர் அவனைக் கூட்டிக்கொண்டு போவார், முடிகிறவரை போனைப் பார்க்காமல் இருப்பார். ஒன்று போதும். அதைவிட அதிகம் வாக்குக் கொடுத்து மீறுவது, வாக்கே கொடுக்காமல் இருப்பதைவிட மோசம்.

இரண்டாவது, அவனோடு வெளிப்படையாகக் கதைப்பது. 2022இல் எரிபொருள் தட்டுப்பாட்டின்போது, கியூஆர் குறியீட்டைக் காட்டி வாராந்தப் பங்கை மட்டும் வாங்கும் முறை வந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். தொடக்கத்தில் காருக்கு வாரம் 20 லீற்றர், முச்சக்கர வண்டிக்கு 5, மோட்டார் சைக்கிளுக்கு 4. பயிற்சிக்கு ஓடுவதா, டியூசனுக்கு ஓடுவதா, அப்பா வேலைக்குப் போவதா? எனக்குத் தெரிந்த சில விளையாட்டு வீடுகளில் அந்த மாதங்களில் பிள்ளைகளின் சண்டை குறைந்தது என்றால் நம்புவீர்களா? இருப்பது இருபது லீற்றர் என்று எல்லோருக்கும் தெரியும். ஞாயிறு இரவு சாப்பாட்டு மேசையில் இருந்து எல்லோரும் சேர்ந்து பிரித்தார்கள். சின்னதும் வாய் திறந்தது, “இந்தக் கிழமை நான் வகுப்புக்கு பஸ்ஸில் போறன், வாற கிழமை என்னை விடுங்கோ” என்று. எரிபொருள் தாராளமாகக் கிடைத்ததும் அந்த மேசைக் கூட்டமும் நின்றுபோய், பழையபடி அம்மா தலைக்குள்ளேயே தீர்மானம் எடுக்கத் தொடங்கினார். அதைத் திரும்பக் கொண்டுவாருங்கள். ஞாயிறு இரவு பத்து நிமிடம், வருகிற வாரம் யாருக்கு என்ன, கார் எங்கே, யார் யாரோடு. எதிலாவது அவன் விட்டுக்கொடுக்க வேண்டி வந்தால் முன்கூட்டியே, காரணத்தோடு, கேட்டுச் செய்யுங்கள். சரி என்று சொன்னால் நன்றி சொல்லுங்கள். முடியாது என்று சொன்னால் சில தடவையாவது அந்த “முடியாது” செல்லுபடியாக வேண்டும், இல்லாவிட்டால் கேட்டதற்குப் பொருளில்லை.

பணக் கதையையும் மறைக்க வேண்டாம். கோச்சுக்கு என்ன போகிறது, வெளிநாட்டு மீட்டுக்கு டிக்கெட் எவ்வளவு என்று நீங்கள் அறைக்குள் இரகசியமாகக் கதைத்தாலும் பத்து வயதுப் பிள்ளைக்கு எப்படியோ தெரிந்துவிடும். தெரியாத தொகையை அவன் மனதில் பெரிதாக்கித்தான் வைத்திருப்பான். ஆனால் “அக்காவுக்காக நாங்கள் எல்லோரும் தியாகம் செய்கிறோம்” என்று சொல்லாதீர்கள். அது தம்பிக்கும் பாரம், அக்காவுக்கு அதைவிடப் பாரம். அவளையும் கொஞ்சம் யோசியுங்கள். 13 வயதில் ஒரு ரேஸ் பிழைத்தால் அது தன் பிழை மட்டும்தான் என்று இருக்க வேண்டும். வீட்டின் காசும் தம்பியின் சனிக்கிழமையும் அதோடு சேர்ந்து வீணானதாக அவள் உணரத் தொடங்கினால் தண்ணீரில் கை பாரமாகிவிடும். தம்பிமேல் குற்ற உணர்வோடு நீந்தும் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். அதைச் சொல்ல அவர்களுக்கு வீட்டில் ஆள் இருப்பதில்லை.

ஓய்வு நாள் பற்றியும் சொல்ல வேண்டும். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2016இல் கொடுத்த வழிகாட்டலில், ஒரு விளையாட்டில் தீவிரமாக இருக்கும் பிள்ளைக்கு வாரத்தில் ஒன்றிரண்டு நாள் அந்த விளையாட்டிலிருந்து முழு ஓய்வு வேண்டும் என்றும், வருடத்தில் மாதம் மாதமாகப் பிரித்து மூன்று மாத இடைவெளி நல்லது என்றும் இருக்கிறது. கொழும்பில் எத்தனை கோச்மார் இதை ஏற்பார்கள் என்று கேட்காதீர்கள். ஆனால் உங்கள் மகளுக்கு அந்த ஏழாவது நாள் இருக்கிறது. அதை டியூசனால் நிரப்பாமல் விடுங்கள். அவளின் தோளுக்கும் நல்லது, வீட்டுக்கும் நல்லது. அன்று வீட்டில் நீச்சல் கதை வேண்டாம் என்று ஒரு விளையாட்டுக்காவது சட்டம் போட்டுப் பாருங்கள். முதல் இரண்டு வாரம் மேசையில் கதைக்க ஒன்றுமே இருக்காது, அப்போதுதான் வீடு எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று புரியும்.

இனி மாமியின் யோசனை. பயணம் மிச்சம் என்பது உண்மை, அதைச் சும்மா தள்ள மாட்டேன். சகோதரங்கள் ஒரே விளையாட்டில் வளர்ந்த வீடுகள் நம் நாட்டில் உண்டு. மூன்று ஒலிம்பிக்குக்குப் போன பட்மின்டன் வீரர் நிலூக கருணாரத்னவின் சகோதரர்களும் அதே ஆட்டம்தான், பழக்கியவர் தகப்பன். 2016 தெற்காசிய விளையாட்டு விழாவில் நீச்சலில் ஏழு தங்கம் வென்ற மத்தியூ அபேசிங்கவின் சகோதரன் கைலும் நாட்டுக்காக நீந்தியவர். ஆனால் நமக்குத் தெரிவது சரிவந்த வீடுகள் மட்டும். அக்காவின் நேரத்தோடு தன் நேரத்தை ஒப்பிட்டு ஒப்பிட்டு, ஒரு நாள் கொகிள்ஸைக் கழற்றி எறிந்துவிட்டுப் போன தம்பிகளின் பெயர் எந்தப் பத்திரிகையிலும் வராது. அவனாக “எனக்கும் ஆசை” என்று கேட்டால் சேருங்கள், முடிந்தால் வேறு கோச்சிடம், வேறு நேரத்தில். அவன் கேட்காமல் காரின் வசதிக்காகச் சேர்த்தால், அவனுக்கென்று மிஞ்சியிருந்த பின்னேரமும் அக்காவின் தடாகத்துக்குள்ளேயே போய்விடும். நீந்தத் தெரிந்திருக்க வேண்டும், அது வேறு. தீவில் பிறந்த பிள்ளைக்கு நீச்சல் தெரியாமல் இருப்பது பிழை. அதற்கும் குழாமுக்கும் சம்பந்தமில்லை.

சொந்தக்காரர் ஒப்பீடு பற்றிப் பிறகு சொல்கிறேன் என்றேன். கலியாண வீட்டில் யாராவது உங்கள் மகனைப் பார்த்து “அக்கா சம்பியன், நீர் என்ன?” என்று கேட்பார்கள். பதிலை அவன் தலையில் விடாமல் நீங்கள் சொல்லுங்கள். “இவன் படிப்பாளி” என்று இன்னொரு பட்டம் கட்டியும் சமாளிக்க வேண்டாம், நாளைக்குப் புலமைப்பரிசில் பரீட்சையில் புள்ளி குறைந்தால் அந்தப் பட்டமும் போய்விடும். “இவன் மிருதங்கம் பழகுறான், போன கிழமை புதுசா ஒரு ஜதி பாடம் பண்ணினவன்” என்று உண்மையாக நடந்த ஒன்றைச் சொன்னால் போதும். முரளிதரன் நான்கு சகோதரர்களில் மூத்தவர், கண்டியில் தகப்பனுக்கு பிஸ்கட் தொழில். 800 விக்கெட் என்று தூக்கத்திலும் சொல்லும் நமக்கு மற்ற மூன்று பேரின் பெயர் வாயில் வராது. ஊர் அப்படித்தான் இருக்கும், ஊரை மாற்ற முடியாது. வீட்டுக்குள் அப்படி இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

எது சந்தேகம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இப்போது புறக்கணிக்கப்பட்ட பிள்ளை பெரியவனானதும் இப்படித்தான் ஆவான் என்று சொல்லும் அளவுக்குப் பலமான ஆதாரம் இல்லை. பெரும்பாலான ஆய்வுகள் சிறியவை, நேர்காணலை நம்பியவை, மேற்கு நாட்டு வீடுகளைப் பார்த்தவை. நல்லபடியாக வளர்ந்த தம்பி தங்கைமாரும் நிறையப் பேர், அக்காவைப் பார்த்து உழைப்பைப் பழகினேன் என்று சொல்கிறவர்கள். அதனால் “அவன் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டேன்” என்று நீங்கள் இரவில் அழத் தேவையில்லை. நான் பார்த்தவரையில் பத்து வயதில் இது திருத்தக்கூடியது. பதினாறில் அவன் கதவைச் சாத்திய பிறகு கஷ்டம்.

உடனடியாகச் செய்யக்கூடியது: அடுத்த மீட்டுக்கு வருகிறாயா, அம்மம்மாவோடு வீட்டில் நிற்கிறாயா என்று இந்த முறை அவனிடம் கேளுங்கள். வர மாட்டேன் என்றால் முகத்தைச் சுளிக்காமல் விடுங்கள், அக்காவிடமும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். அப்பாவும் அம்மாவும் மாறி மாறி ஒருவர் தடாகத்தில், ஒருவர் அவனோடு. உங்கள் கணவர் நீச்சல் நாட்களில் கட்டாயம் இருக்க வேண்டியவர் இல்லையென்றால் அடுத்த சனிக்கிழமை அவரிடமிருந்தே தொடங்கலாம். இரண்டு மாதம் இப்படிச் செய்தும் வலி நிற்காமல், பாடசாலைக்கே போக மறுப்பது, தூக்கம் குழம்புவது, சாப்பாடு குறைவது, “நான் இல்லாட்டி உங்களுக்கு நல்லம்தானே” போன்ற பேச்சு என்று வந்தால் அது வீட்டு ஏற்பாட்டால் மட்டும் தீராது. அந்தக் கடைசிப் பேச்சு ஒரு தடவை வந்தாலே இரண்டு மாதம் பார்த்திருக்க வேண்டாம். பொரளை சீமாட்டி ரிஜ்வே சிறுவர் வைத்தியசாலையில் பிள்ளைகளுக்கான மனநலப் பிரிவு இருக்கிறது. தேசிய மனநல நிறுவனத்தின் 1926 தொலைபேசி இலக்கத்துக்கும் அழைக்கலாம். போகும்போது மகனை மட்டும் நோயாளியாகக் கூட்டிக்கொண்டு போகாமல் நீங்கள் இருவரும் சேர்ந்து போங்கள். முதல் தடவை மகள் பயிற்சிக்கு லீவு போட்டுவிட்டு வந்தாலும் நல்லது.